கோட்டைக்காரனும் குற்றமும்

கோதிக் எனப்படும் திகில் நாவல்களில் பேயைவிடப் பயங்கரமானவன், பேய் உலவும் கோட்டைக்குச் சொந்தக்காரன். இவ்வகையின் முதல் நாவலாகக் கருதப்படுவது 1764-இல் ஹொரேஸ் வால்போல் வெளியிட்ட 'ஒட்ராண்டோ கோட்டை'. அதில் வரும் பிரபு மான்ஃப்ரெட்டின் பாட்டன், பழைய உரிமையாளருக்கு நஞ்சு வைத்துக் கோட்டையைப் பறித்தவன். மான்ஃப்ரெட்டின் ஒரே மகன் கல்யாண நாளன்று ராட்சதத் தலைக்கவசம் ஒன்றின் அடியில் நசுங்கிச் சாகிறான். வம்சம் அற்றுப்போகுமே என்ற பதற்றத்தில், மனைவியைத் தள்ளிவைத்துவிட்டு, மகனுக்கு நிச்சயித்த பெண்ணையே மணக்கத் துணிகிறான் தகப்பன். கடைசியில் அந்தப் பெண் என்று நினைத்து, சொந்த மகளைக் குத்திக் கொல்கிறான். பாட்டன் சேர்த்த சொத்தோடு அவன் பாவமும் பேரன் தலையில் விடிகிறது.

ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'உடால்ஃபோவின் மர்மங்கள்' (1794) நாவலில் வரும் கோட்டைக்காரன் மொண்டோனிக்கு இத்தனை சாபக்கேடு கிடையாது, வெறும் பணத்தாசைதான். அவன் பிடியில் சிக்கிய நாயகி எமிலி அடிக்கடி மயங்கி விழுபவள். கறுப்புத் திரைக்குப் பின்னால் அவள் கண்டு மூர்ச்சையானது வெறும் மெழுகு பொம்மை. ஆனால் சொத்தை எழுதிக்கொடு என்று அவன் மிரட்டும்போது லேசில் பணிய மாட்டாள். பயந்த பெண் என்று அவளை ஒதுக்கிவிட முடியாது.

இரண்டே ஆண்டுகளில் மேத்யூ லூயிஸின் 'துறவி' வந்தது. மாட்ரிட் நகரமே கொண்டாடும் பிரசங்கி அம்ப்ரோசியோ. தன் ஒழுக்கத்தின் மேல் அவனுக்கு இருந்த கர்வமே முதல் குற்றம். அந்த ஒழுக்கம் அதுவரை சோதிக்கப்பட்டதே இல்லை. காமமும் கொலையும் அதன் பின்னால் வருகின்றன. இந்த மூன்று நாவல்களும் வில்லன்களை இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் அனுப்பிவைத்தது, கத்தோலிக்கர்களைச் சந்தேகித்த ஆங்கில வாசகர்களுக்கு வசதியாகவே இருந்திருக்கும்.

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) நாவலில் கோட்டை இல்லை, ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே ஓர் உருவத்துக்கு உயிர் கொடுக்கும் விக்டரின் பிழை, கடவுளின் வேலையைத் தான் செய்யப் பார்த்தது என்பார்கள். அதைவிடப் பெரிய பிழை, உயிர் கொடுத்த கணமே அந்த உருவத்தைக் கண்டு அருவருத்து ஓடியது. தம்பி கொல்லப்பட்டு, வேலைக்காரப் பெண் ஜஸ்டின் மீது பழி விழும்போது, கொன்றது தன் படைப்பே என்று விக்டர் ஊகித்துவிடுகிறான். சொன்னால் பைத்தியம் என்பார்களே என்று வாய்மூடி நிற்கிறான். அவள் தூக்கில் தொங்குகிறாள். புறக்கணிப்பால் கொடூரமாகிப்போன அந்தப் படைப்பு, பாதிக்கப்பட்டவனே கொலைகாரனும் ஆகும் புதிய பாத்திர வகையைத் தந்தது.

1886-இல் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் வில்லனை லண்டனுக்கே கொண்டுவந்தார். அவர் கதையின் டாக்டர் ஜெகில் ஊர் மதிக்கும் மனிதர். அந்த மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டே ரகசிய இச்சைகளைத் தீர்த்துக்கொள்ளத்தான் மருந்து குடித்து ஹைட் என்ற இன்னொருவனாக மாறுகிறார். தன் வாக்குமூலத்தை எழுதும்போதுகூட ஒரு கட்டத்தில் ஹைடை 'நான்' என்று சொல்ல அவருக்கு மனம் வருவதில்லை. 'அவன்' என்றே எழுதுகிறார்.