எட்டாம் வகுப்பு அறிவியல்: தவறான விடையிலிருந்தும் ஆசிரியர் அறிய வேண்டும்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே பாடம்தான். எட்டாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டினால் விசையும் அழுத்தமும் வரும், அமிலங்களும் காரங்களும் வரும், நுண்ணுயிரிகளும் வரும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வினாத்தாள், ஒரே மதிப்பெண். முப்பருவ முறை வந்தபோது அந்த மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள்.

ஒரு மாணவி 60-க்கு 42 வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இழந்த 18 மதிப்பெண் எங்கே போனது? இயற்பியலில் கணக்குப் போடத் தெரியவில்லையா, வேதியியலில் கருத்தே பிடிபடவில்லையா, உயிரியலில் படித்தது மறந்துவிட்டதா? பெரும்பாலான வினாத்தாள்களில் இதற்குப் பதில் கிடைக்காது. கேள்விகள் அப்படி அமைக்கப்படவில்லை. இந்த வயதுக்கான அறிவியல் தேர்வு, பிள்ளை தவறாக எழுதினாலும் அவள் என்ன நினைக்கிறாள் என்பதை ஆசிரியருக்குக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட கேள்வியை எப்படி எழுதுவது, விடையை எப்படிப் படிப்பது என்பதைப் பார்ப்போம்.

உயிரியல்: வரையறைக்கு அப்பால்

'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?' என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் புத்தக வரியை அப்படியே எழுதிவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம் இதைக் கேளுங்கள்: 'நன்றாகக் காய்ந்த ஒரு புளியங்கட்டை 100 கிலோ இருக்கிறது. அந்த எடையில் பெரும்பகுதி மரத்துக்கு எங்கிருந்து வந்தது?' மண், காற்று, சூரிய ஒளி, வேரில் ஊற்றிய உரம் என்று நான்கு விடைகள் கொடுங்கள். மண் என்று சொல்பவர்களே அதிகம் இருப்பார்கள். சரியான விடை காற்று. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடில் இருந்துதான் கட்டையின் பெரும்பகுதி உருவாகிறது.

இந்தத் தடுமாற்றம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் ஒரு வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் நட்டு 5 ஆண்டுகள் வளர்த்தார். மரம் ஏறக்குறைய 74 கிலோ கூடியது. தொட்டி மண்ணோ 60 கிராம்கூடக் குறையவில்லை. மண்ணிலிருந்து எடை வரவில்லை என்று சரியாகக் கண்டவர், எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று தவறாக முடித்தார். 1997-இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கல்விப் படத்தில் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களே இதே கேள்விக்குத் திணறினார்கள். வரையறையை எழுதத் தெரிவது வேறு, கார்பன் டை ஆக்சைடு என்ற வாயு மரக்கட்டையாக மாறுகிறது என்று நம்புவது வேறு. உயிரியல் கேள்வி இந்த இரண்டாவதைத் தொட வேண்டும்.

வேதியியல்: கண்ணுக்குத் தெரியாத துகள்

வேதியியலில் பிள்ளைகள் பார்ப்பது ஒன்று, விளக்கம் சொல்ல வேண்டியது இன்னொன்று. அடுப்பில் தண்ணீர் கொதிப்பதைப் பார்க்கிறார்கள். உள்ளே மூலக்கூறுகள் என்ன செய்கின்றன என்று பார்க்க முடியாது. அதனால் கேள்வியும் இந்த இரண்டையும் இணைப்பதாக இருக்க வேண்டும்.

'பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. எழும்பி வரும் பெரிய குமிழ்களுக்குள் என்ன இருக்கிறது?' 
அ) காற்று 
ஆ) ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 
இ) நீராவி 
ஈ) வெப்பம்

நியூசிலாந்தில் ஆஸ்பார்ன், காஸ்கிரோவ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டு 1983-இல் வெளியிட்டார்கள். சரியான விடை நீராவி. மற்ற மூன்று விடைகளும் பிள்ளைகள் உண்மையிலேயே சொன்னவைதான். 'வெப்பம்' என்று சொல்லும் பிள்ளை வெப்பத்தை ஒரு பொருளாக நினைக்கிறது. 'காற்று' என்றால், திரவம் வாயுவாவது இன்னும் மனதில் பதியவில்லை. 'ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்' என்று சொல்லும் பிள்ளைக்கு நீரின் வாய்பாடு தெரியும், ஆனால் கொதித்தால் மூலக்கூறே உடைந்துவிடும் என்று எண்ணுகிறது. கொதித்தலுக்கும் வேதிமாற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பிள்ளைக்கு மறுபடி சொல்லித்தர வேண்டும். மூன்று தவறுகளுக்கும் மூன்று வெவ்வேறு வைத்தியம்.

'தளதளவென்று', 'பெரிய குமிழ்கள்' என்ற சொற்கள் அழகுக்காக வந்தவையல்ல. தண்ணீர் சூடாகத் தொடங்கும்போது பாத்திரத்தின் சுவரில் ஒட்டும் சிறு குமிழ்களில் இருப்பது நீரில் கரைந்திருந்த காற்றுதான். அந்தச் சொற்களை விட்டுவிட்டால், கவனித்துப் பார்த்த பிள்ளை 'காற்று' என்று எழுதி மதிப்பெண் இழக்கும். கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் இப்படிச் சோதிக்கப்பட வேண்டும்.

இயற்பியல்: சூத்திரத்தில் எண் போடுவது மட்டும் போதாது

'30 நியூட்டன் விசை 0.025 சதுர மீட்டர் பரப்பில் செயல்பட்டால் அழுத்தம் என்ன?' விசையைப் பரப்பால் வகுத்தால் 1200 பாஸ்கல். இது வகுத்தல் தெரிகிறதா என்று பார்க்கும் கேள்வி. தேவைதான், ஆனால் இதோடு நிறுத்தினால் கணக்கில் தேறிய பிள்ளை இயற்பியலில் தேறியதாகத் தோன்றும்.

அதே எண்களை ஒரு செங்கல்லில் வைப்போம். 'எடை 30 நியூட்டன் உள்ள செங்கல்லை ஈர மணலில் படுக்க வைக்கிறோம், அடிப்பரப்பு 250 சதுர செ.மீ. பிறகு அதையே செங்குத்தாக நிறுத்துகிறோம், அடிப்பரப்பு 75 சதுர செ.மீ. எப்போது மணலில் அதிகம் புதையும்? செங்கல்லின் எடை மாறியதா?' நிறுத்தினால் அழுத்தம் 4000 பாஸ்கல், அதனால் அதிகம் புதையும். எடை அப்படியேதான் இருக்கிறது. 'நிறுத்தினால் எடை கூடும்' என்று எழுதும் பிள்ளைக்கு விசையும் அழுத்தமும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. முதல் கேள்வியில் இந்தக் குழப்பம் வெளியே வந்திருக்காது.

சோதனையை வடிவமைக்கத் தெரிகிறதா?

மூன்று பிரிவுக்கும் பொதுவான ஒன்று உண்டு: சோதனை எப்படிச் செய்வது என்ற அறிவு. ஆய்வகமே இல்லாத பள்ளியிலும் இதைக் காகிதத்தில் சோதிக்கலாம். பச்சைப் பயறு நான்கு கிண்ணங்களில் வைக்கப்பட்டிருக்கிறது.

கிண்ணம் 1: ஈரப்பஞ்சு, வெளிச்சம், அறை வெப்பநிலை 
கிண்ணம் 2: ஈரப்பஞ்சு, இருட்டு, அறை வெப்பநிலை 
கிண்ணம் 3: உலர்ந்த பஞ்சு, வெளிச்சம், அறை வெப்பநிலை 
கிண்ணம் 4: ஈரப்பஞ்சு, இருட்டு, ஃப்ரிட்ஜின் குளிர்

'குளிர் முளைப்பதைப் பாதிக்கிறதா என்று அறிய எந்த இரண்டு கிண்ணங்களை ஒப்பிட வேண்டும்?' பலர் 1, 4 என்பார்கள். ஆனால் அந்த இரண்டுக்கும் இடையே வெளிச்சமும் மாறுகிறது, குளிரும் மாறுகிறது. வித்தியாசம் வந்தால் காரணம் எது என்று சொல்ல முடியாது. 2, 4 என்பதே சரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற அறிவியலின் அடிப்படை விதி பிள்ளைக்குப் புரிந்ததா என்று இந்த ஒரே கேள்வி சொல்லிவிடும். பயறு முளைப்பது பற்றி மனப்பாடம் செய்த எதுவும் இங்கே உதவாது.

கொள்குறி வினா: ஊகத்துக்கு இடம் கொடுக்காமல்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் படிப்பறிவுத் தாளின் 90 கேள்விகளில் 35 அறிவியல். எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு 12,000 ரூபாய். வசதியில்லாத வீட்டுக்கு அது பெரிய தொகை. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 35-க்குச் சராசரியாக 8, 9 விழும். கேள்வி சரியாக எழுதப்படாவிட்டால் ஊகித்தே இன்னும் கூடுதலாக வாங்கலாம்.

வகுப்புத் தேர்வுக்குக் கேள்வி எழுதும் ஆசிரியர்கள் சிலவற்றைத் தவிர்த்தால் போதும். சரியான விடை மட்டும் நீளமாக இருக்கக் கூடாது. 'மேற்கண்ட அனைத்தும்' வேண்டாம், ஏனெனில் இரண்டு சரி என்று தெரிந்தாலே பிள்ளை அதைக் குறித்துவிடும். 'பின்வருவனவற்றுள் எது தவறானது அல்ல' என்று சுற்றி வளைத்தால் அறிவியலைச் சோதிக்காமல் வாசிப்பைச் சோதிப்பதாகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், யாரும் நம்பாத விடையை இடத்தை நிரப்பப் போடக் கூடாது. நல்ல தவறான விடைகள் போன வருட விடைத்தாள்களிலேயே கிடைக்கும். குறுவினாவுக்குப் பிள்ளைகள் தவறாக எழுதிய வரிகளைக் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டுக்கான அ, ஆ, இ, ஈ தயார்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஆஸ்திரேலியாவின் டேவிட் டிரீகஸ்ட் 1988-இல் விளக்கிய இரண்டடுக்குக் கேள்வி முறையில் முதலில் விடையைக் கேட்டு, அடுத்து அதற்கான காரணத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். உதாரணத்துக்கு, மார்கழி மாதக் காலையில் ஒரே அறையில் இரவு முழுக்க இருந்த எவர்சில்வர் டம்ளர், மரப்பலகை, இரண்டில் எதன் வெப்பநிலை குறைவு? இரண்டும் சமம். காரணம்: எவர்சில்வர் கையின் வெப்பத்தை வேகமாக வாங்கிக்கொள்வதால் சில்லென்று இருக்கிறது. 'சமம்' என்று குறித்துவிட்டு 'எவர்சில்வரில் குளிர் தங்கும்' என்பதைக் காரணமாகத் தேர்ந்தெடுத்தால், முதல் விடை ஊகம் என்று தெரிந்துவிடும்.

திருத்தும்போது ஓர் எண் கூடுதலாக

பல நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களை 1995 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கும் டிம்ஸ் என்ற பன்னாட்டுத் தேர்வில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எழுத்து விடைக்கு அங்கே ஈரிலக்கக் குறியீடு போடுவார்கள். முதல் இலக்கம் விடை சரியா தவறா என்பதைக் காட்டும், இரண்டாவது இலக்கம் எந்த வகை விடை என்பதைக் காட்டும். தவறான விடைகள் 70-இல் தொடங்கும் எண்களைப் பெறும், வெற்றுத் தாளுக்கு 99. பூஜ்யம் வாங்கிய இருவரில் ஒருவர் குழம்பியிருக்கலாம், ஒருவர் எழுதவே இல்லாமல் இருக்கலாம். இந்த முறையில் இருவரும் ஒன்றாகிவிடுவதில்லை.

நம் வகுப்பில் இவ்வளவு விரிவாகச் செய்ய வேண்டாம். செங்கல் கேள்விக்கு மட்டும், எடை மாறும் என்றவருக்கு 'எ', பரப்பைக் கவனிக்காதவருக்கு 'ப', எழுதாதவருக்கு 'வெ' என்று ஓரத்தில் ஓர் எழுத்துப் போட்டால் போதும். திருத்தி முடிக்கும்போது மறுநாள் வகுப்பில் எதை நடத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

டிம்ஸில் கற்க வேண்டிய இன்னொன்று அதன் புளூபிரிண்ட். எட்டாம் வகுப்பு அறிவியலில் உயிரியல் 35 சதவீதம், இயற்பியல் 25, வேதியியல் 20, புவி அறிவியல் 20 என்று ஒரு கணக்கு. அறிதல் 35, பயன்படுத்துதல் 35, காரணம் காணுதல் 30 என்று இன்னொரு கணக்கு. நம் புத்தகத்தின் பாடப் பின்பகுதியில் 'உயர் சிந்தனை வினாக்கள்' என்று கடைசியில் சில வருகின்றன. நேரமில்லாமல் விட்டுப்போவது பெரும்பாலும் அவைதான். பயன்படுத்துதலும் காரணம் காணுதலும் தேர்வில் மூன்றில் இரண்டு பங்கு பெறும்போது அவை கடைசிக்குத் தள்ளப்பட மாட்டா. கேள்வித்தாள் எழுதும் முன் மூன்று பாடப்பிரிவுகளை மேலிருந்து கீழாகவும், இந்த மூன்று திறன்களை இடமிருந்து வலமாகவும் எழுதிக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கேள்வியும் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று குறித்தால், காலியான கட்டங்கள் உடனே கண்ணில் படும்.

கேள்விக்கும் மதிப்பெண் போடுங்கள்

தேர்வு முடிந்தபின் கேள்விகளையும் சோதிக்கலாம். 40 பேர் வகுப்பில் அதிக மதிப்பெண் வாங்கிய 10 பேரின் தாளையும் குறைவாக வாங்கிய 10 பேரின் தாளையும் எடுங்கள். ஒரு கேள்விக்கு முதல் குழுவில் 9 பேர், இரண்டாம் குழுவில் 3 பேர் சரியாக எழுதியிருந்தால், வித்தியாசம் 6. அதைப் பத்தால் வகுத்தால் 0.6. நல்ல கேள்வி. இரு குழுவிலும் 10 பேருமே சரி என்றால் அந்தக் கேள்வி பிள்ளைகளைப் பிரித்துக் காட்டவில்லை. தன்னம்பிக்கைக்காக ஒன்றிரண்டு அப்படி இருக்கலாம்.

கவனிக்க வேண்டியது தலைகீழாக வருவது. குமிழ் கேள்விக்கு முதல் குழுவில் 3 பேரும் கீழ்க் குழுவில் 4 பேரும் 'நீராவி' என்று குறித்திருக்கிறார்கள், முதல் குழுவின் மற்ற 7 பேரும் 'ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்' என்றிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடைக்குறிப்பில் பிழையா, கேள்வியில் தெளிவில்லையா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே வாய்பாட்டை மனப்பாடம் செய்து அதைத் தவறான இடத்தில் பொருத்துகிறார்கள். குறை அவர்களுடையதல்ல, பாடம் நடத்தப்பட்ட விதத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால், முதல் பத்துப் பேருக்கு இப்படி ஒரு குழப்பம் இருப்பதை யாரும் சந்தேகித்திருக்க மாட்டார்கள்.

பெற்றோருக்கும் இதில் ஒரு வேலை உண்டு. விடைத்தாள் வீட்டுக்கு வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தாமல், தவறான ஒரு விடையை எடுத்து, 'இதை ஏன் இப்படி எழுதினாய்?' என்று கோபமில்லாமல் கேளுங்கள். உங்களுக்கே விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை சொல்லும் காரணத்தைக் கேட்டுக்கொண்டு, அதை ஆசிரியரிடம் சொல்லச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புக் குழப்பம் எட்டாம் வகுப்போடு போய்விடாது. விசையையும் அழுத்தத்தையும் பிரித்தறியாத பிள்ளைதான் ஒன்பதில் பாய்மங்கள் என்ற பாடத்தில் திணறும். மூலக்கூறு எப்போது உடையும் என்று தெரியாத பிள்ளைதான் பத்தில் வேதிச்சமன்பாட்டை அப்படியே மனப்பாடம் செய்யும். பொதுத்தேர்வுப் பயம் இல்லாத இந்த வகுப்பில் ஒரு தவறைக் கண்டுபிடித்துத் திருத்த ஒரு பாடவேளை போதும். அந்தத் தவறு கண்ணில் படும்படி கேள்வி கேட்பதே இந்த வகுப்புத் தேர்வுகளின் வேலை.