கம்பியும் லக்கும் ஒன்றாகும் இடம்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும் கொள்ளிடத்தின் வடகரையில் தா.பழூரைச் சுற்றியுள்ள வயல்களுக்கு வெளிமாவட்டங்களிலிருந்து வந்து இறங்கும் அறுவடை யந்திரங்களும், ஆண்டு முழுவதும் அரியலூர்ச் சுரங்கங்களிலிருந்து சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் சுமந்தோடும் லாரிகளும், இப்பக்கத்து டிராக்டர்களும், ஓயாத அதிர்வுக்கும் புழுதிக்கும் சேற்று ஈரத்துக்கும் ஆட்பட்டே உழைக்கின்றன. எஞ்சினிடம் காட்டும் சிரத்தையில் ஒரு சிறு பங்கை மின்கம்பியின் நுனியை இணைக்கும் உலோகத் துண்டான லக்கின்மீதும் அவற்றின் சொந்தக்காரர்கள் காட்டுவார்களானால், நடுவயலில் யந்திரம் நின்றுபோகும் சந்தர்ப்பங்களில் பல நேராமலே போகும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் ஹெட்லைட் 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. வழியில் ஓர் இணைப்பு தளர்ந்து, அங்கே ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை உண்டானாலும் அரை வோல்ட் வீணாகிறது. இழை விளக்கின் ஒளியோ மின்னழுத்தம் குறைவதைக் காட்டிலும் பன்மடங்கு வேகமாகக் குறைவதால், வெளிச்சத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. செல்ஃப் மோட்டார் விஷயம் இன்னும் கடுமையானது. அது 200 ஆம்பியர் இழுக்கும் தருணத்தில், பேட்டரி லக்கில் ஓர் ஓமின் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடை இருந்தாலே ஒரு வோல்ட் நஷ்டமாகி, 200 வாட் உஷ்ணம் அந்தச் சிறு இடத்தில் பிறக்கிறது. பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்கப்படும் சமயங்களில் குற்றவாளி லக்காகவே இருப்பதும் உண்டு.

நல்ல இணைப்பு எவ்வாறு உண்டாகிறது? வண்டிக் கம்பி பல மெல்லிய செம்பு இழைகளின் தொகுதி. ஒவ்வோர் இழையின்மீதும் பிராணவாயு சேர்ந்துண்டான மெல்லிய படலம் இருக்கிறது. லக்கின் குழலுக்குள் இழைகளைச் செலுத்தித் தக்க பலத்தோடு அழுத்தும்போது, அப்படலம் கிழிந்து, சுத்தமான உலோகம் சுத்தமான உலோகத்தைத் தொட்டு, நெருப்பின் உதவியின்றியே ஆங்காங்கே ஒட்டிக்கொள்கிறது. உருண்டையான இழைகள் தேனடையின் அறைகளைப்போலப் பல கோண வடிவம் பெற்று இடைவெளியின்றி நெருங்குவதால் காற்றும் ஈரமும் உட்புக முடியாமற்போகிறது. அழுத்தம் குறைந்தால் இடைவெளி மிஞ்சும். மிகுந்தால் இழைகள் நசுங்கி அறுபடும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய எல்லையில் ஒவ்வொரு முறையும் தவறாமல் நிற்க வைப்பதுதான் லக்கை அழுத்தும் கருவியின் வேலை. கட்டிங் பிளேயருக்கோ சுத்தியலுக்கோ அந்த எல்லை தெரியாது.

ஈயம் வைத்துப் பற்றவைப்பதே உறுதி என்று கருதுவோர் பலர். ஓரிடத்தில் அசையாதிருக்கும் சாதனங்களுக்கு அது பொருந்தும். ஓடும் வண்டியிலோ, உருகிய ஈயம் இழைகளின் ஊடே ஏறி அவற்றை ஒரே கட்டையாக்கிவிடுகிறது. அது முடியும் இடத்தில் அதிர்வு முழுவதும் குவிந்து, நாளடைவில் கம்பி அங்கேயே முறிகிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1941-ல் அமெரிக்காவில் விட்டேக்கர் என்பவர் தொடங்கிய ‘ஏர்கிராஃப்ட் மெரைன் பிராடக்ட்ஸ்’ நிறுவனம், விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் ஈயமின்றி அழுத்திப் பொருத்தும் லக்குகளைச் செய்தே பெயர் பெற்றது.

இனி, கருவியைத் தேர்ந்தெடுக்கும் விஷயம். கம்பியை உரிக்கவும் வெட்டவும் அழுத்தவும் ஒன்றாகவே விற்கப்படும் தகட்டுக் கருவியில், எவ்வளவு அழுத்துவது என்பது கைப்பலத்தையும், காலையா மாலையா என்பதையும் பொறுத்திருக்கிறது. ராட்செட் உள்ள கருவியோ, குறித்த அளவு முழுவதும் அழுத்தி முடிந்தாலன்றி வாய் திறப்பதில்லை. களைத்த கையும் புதிய கையும் அதனிடம் ஒரே பலனைப் பெறுகின்றன. தொழில் செய்வோர் வாங்க வேண்டியது இதுவே, அதிலும் அச்சுகளை மாற்றக்கூடிய வகையாக.

ஏனெனில் லக்கின் ஜாதிக்கேற்ப அச்சும் வேறுபடுகிறது. பிளாஸ்டிக் உறையுள்ள லக்குகளில் சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. கம்பிக்கும், நீலம் 1.5 முதல் 2.5 வரையுள்ளதற்கும், மஞ்சள் 4 முதல் 6 வரையுள்ளதற்கும் உரியவை. அவற்றின் அச்சு வழவழப்பான நீள்வட்டம். உறையில்லாமல் இரண்டு ஜோடிச் சிறகுகளோடு வரும் டெர்மினல்களுக்கோ, சிறகுகளை உட்புறமாகச் சுருட்டி இழைகளுக்குள் பதியச் செய்யும் பிரத்தியேக அச்சு வேண்டும். முன்ஜோடி செம்பைப் பிடிக்கிறது. பின்ஜோடி கம்பியின் மேலுறையை அணைத்து அதிர்வைத் தாங்குகிறது. உறையுள்ள லக்கின் அச்சில் இவற்றை வைத்தால், சிறகுகள் வெறுமனே தட்டையாக மடங்கிப் பிடிமானமின்றிப் போகும். பேட்டரிக் கேபிள்களுக்குக் கையடக்கக் கருவி எதுவும் போதாது. 25, 35, 50 சதுர மி.மீ. கேபிளின் லக்கை அறுகோண அச்சுள்ள ஹைட்ராலிக் கருவியால் அழுத்துவதே முறை. உளியை வைத்து அடிப்பதால் ஒருபுறம் பள்ளமும் மறுபுறம் வெற்றிடமும் உண்டாவதன்றி வேறு பிரயோஜனம் இல்லை. தனி ஒருவர் வாங்கத் தயங்கும் விலையானால், அண்டையிலுள்ள பட்டறைக்காரர்கள் கூடி ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கிய கருவியைப் பரீட்சிப்பதும் அவசியம். உபயோகமற்ற துண்டுக் கம்பியில் லக்கை அழுத்தி எடை கட்டித் தொங்கவிட்டால், 1.5 சதுர மி.மீ. கம்பி சுமார் 15 கிலோவையும் 2.5 சதுர மி.மீ. கம்பி சுமார் 23 கிலோவையும் நழுவாமல் தாங்க வேண்டும். பின்பு லக்கைக் குறுக்கே அறுத்து, முகத்தைத் தேய்த்துப் பார்த்தால், இழைகளுக்கிடையே கரும்புள்ளிகள் தோன்றாதிருக்க வேண்டும். சேற்றில் இறங்கும் வண்டியானால், உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாயை மாட்டிச் சூடு காட்டுவது ஈரத்தைத் தடுக்கும். வண்டிக் கம்பியில் சரியாக அமையாத லக்கை மறுபடி அழுத்திச் சரிக்கட்ட முயலலாகாது. நசுங்கிய நுனியை வெட்டியெறிந்து, கம்பியைப் புதிதாக உரித்து, வேறு லக் போட வேண்டும்.