கணக்கைவிடப் பருத்த குட்டி விண்மீன்கள்

மாசி மாத முன்னிரவில் கரிவலம்வந்தநல்லூரின் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும், உச்சிக்குச் சற்று வடக்கே அருகருகே இரண்டு விண்மீன்கள் தெரியும். புனர்பூசம் என்று நாம் சொல்வது அவற்றைத்தான். இரண்டில் சற்று மங்கலானது காஸ்டர். பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அது ஆறு விண்மீன்களின் கூட்டம். சுமார் 50 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஆறில் இரண்டு, வெறுங்கண்ணுக்கு எட்டாத சிவப்புக் குள்ள விண்மீன்கள். ஒய்ஒய் ஜெமினோரம் என்று பெயர் பெற்ற இந்த இணை, பத்தொன்பதரை மணி நேரத்தில் ஒன்றையொன்று ஒருமுறை சுற்றி முடிக்கிறது. சுற்றுப்பாதையின் விளிம்பு ஏறக்குறைய நம்மை நோக்கி இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கிரகணம். சிறு விண்மீன்களைப் பற்றிய நம் கோட்பாட்டில் எங்கோ ஒரு பிழை இருக்கிறது என்பதை அழுத்தமாகச் சொன்ன சாட்சிகளில் இந்த இணையும் ஒன்று.

தனியாக நிற்கும் விண்மீனை நேரடியாக எடை போட வழியில்லை. இணையாகச் சுற்றினால் வழி உண்டு. சங்கரன்கோவில் பாதையில் ரயில் நெருங்கும்போது அதன் ஊதல் கீச்சென்றும், கடந்து போனபின் தணிந்தும் கேட்பதுபோல, நம்மை நோக்கி வரும் விண்மீனின் ஒளி நீலப் பக்கமும் விலகிப் போவதன் ஒளி சிவப்புப் பக்கமும் நகரும். நிறமாலையில் அந்த நகர்வை அளந்தால் வேகம் கிடைக்கும். ஒய்ஒய் ஜெமினோரத்தில் இரண்டுமே நொடிக்குச் சுமார் 121 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 70,350 நொடி. பெருக்கினால் பாதையின் சுற்றளவு 85 லட்சம் கிலோமீட்டர். அதன் ஆரம் பதின்மூன்றரை லட்சம். ஆக, இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 27 லட்சம் கிலோமீட்டர்தான். இந்தத் தூரத்தையும் சுற்றுக் காலத்தையும் கெப்ளர் விதியில் இட்டால் நிறை வந்துவிடும்: ஒவ்வொன்றும் சூரியனில் 0.6 பங்கு. கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, ஒளி எவ்வளவு குறைகிறது என்பவற்றிலிருந்து ஆரம் கிடைக்கிறது: சூரிய ஆரத்தில் 0.62 பங்கு. இதில் விண்மீனின் உட்புறம் பற்றிய கோட்பாடு எதுவும் நுழையவில்லை. இந்த அளவுகளை நான் பெரிதும் நம்புவதற்கு அதுவே காரணம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 0.6 சூரிய நிறையுள்ள விண்மீன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்கிடும் மாதிரிகள் பல உண்டு. 2002இல் வானியலாளர்கள் டோரஸ், ரிபாஸ் இருவரும் ஒய்ஒய் ஜெமினோரத்தின் அளவுகளை அவற்றோடு ஒப்பிட்டார்கள். எல்லா மாதிரிகளும் ஆரத்தைக் குறைத்தே சொல்லின, சில 20 விழுக்காடு வரை. பெரும்பாலானவை வெப்பநிலையைக் கூட்டிச் சொல்லின. சூரியனில் கால் பங்கு நிறைகூட இல்லாத சிஎம் டிராகோனிஸ் இணையிலும் இதே கதை, சற்றுக் குறைந்த அளவில். இந்தியாவிலும் இந்த அளவீடு நடக்கிறது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் பராஸ் நிறமாலைமானி, மவுண்ட் அபுவின் குருசிகரத்தில் 1.2 மீட்டர் தொலைநோக்கியோடு இயங்கியது. அதைக் கொண்டு எச்டி 213597 என்ற விண்மீனின் மங்கலான துணையை பிரியங்கா சதுர்வேதியும் சக ஆய்வாளர்களும் 2014இல் அளந்தார்கள். சூரியனோடு ஒப்பிட நிறை 0.286, ஆரம் 0.344. இதுவும் கோட்பாடு சொல்வதைவிடப் பெரிது. ஆனால் இங்கே துணையின் நிறமாலை தனியே தெரிவதில்லை, முதன்மை விண்மீனின் நிறையை மதிப்பிட்டுத்தான் துணையின் நிறைக்கு வர முடியும். எனவே இதை ஒய்ஒய் ஜெமினோரத்துக்குச் சமமான சாட்சியாக வைக்கக் கூடாது. துணைச் சாட்சி, அவ்வளவே.

அளவீட்டில்தான் கோளாறு என்று ஒருவர் சொல்லலாம். அந்த ஐயத்தில் நியாயம் உண்டு. இந்த விண்மீன்களின் மேல் கரும்புள்ளிகள் நிறைய. துருவத்தை ஒட்டிப் புள்ளிகள் அடர்ந்திருந்தால் கிரகணத்தின் ஆழம் மாறும், ஆரம் சில விழுக்காடு கூடுதலாகத் தோன்றும். இடைவெளியின் ஒரு பகுதியை இது விளக்கிவிடும் என்றே கருதுகிறேன். முழுவதையும் விளக்காது. ஏனென்றால் 2012இல் கிரகணமே இல்லாத தனிச் சிவப்புக் குள்ளர்களின் விட்டத்தை, பல தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்து நேரடியாக அளந்தபோதும் மாதிரிகள் ஆரத்தை ஏறத்தாழ 5 விழுக்காடு குறைத்தே சொல்வது தெரிந்தது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. நெருங்கிச் சுற்றும் இணை, ஈர்ப்பால் ஒன்றையொன்று வேகமாகத் தற்சுழல வைக்கிறது. வேகச் சுழற்சி காந்தப்புலத்தைப் பெருக்குகிறது. ஆகவே இவை இயல்பான விண்மீன்களே அல்ல என்பது அந்த வாதம். காந்தப்புலம் வெப்பச்சலனத்தை நெரித்து விண்மீனை உப்ப வைக்கிறது என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். ஆனால் கெப்ளர்-16 இணைக்கு ஒரு சுற்று 41 நாள். அவ்வளவு நெருக்கம் இல்லாத அந்த இணையின் சிறிய விண்மீனும் கணக்கைவிடச் சில விழுக்காடு பருத்தே இருக்கிறது. காந்தப்புலம் காரணங்களில் ஒன்று. அது மட்டுமே காரணம் என்று முடித்துவிட இன்னும் இடமில்லை.

பிழை எங்கே என்பதற்கு ஒரு தடயம் உண்டு. ஆரம் 10 விழுக்காடு கூடினால் பரப்பு 21 விழுக்காடு கூடும். வெப்பநிலை 5 விழுக்காடு குறைந்தால், கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறும் என்ற விதிப்படி ஒவ்வொரு சதுர மீட்டரும் உமிழும் ஆற்றல் ஏறத்தாழ 19 விழுக்காடு குறையும். இரண்டையும் பெருக்கினால் மொத்த ஒளி கிட்டத்தட்ட மாறவே இல்லை. அதாவது மையத்தில் ஹைட்ரஜன் எரியும் கணக்கு சரி. அங்கே பிறந்த வெப்பம் மேலே வந்து வெளியேறும் இடத்தில்தான் நம் புரிதல் தவறுகிறது.

சில விழுக்காட்டுக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள், இந்தச் சிவப்புக் குள்ளர்களைச் சுற்றித்தான் பூமி அளவுள்ள கோள்களை உலகமே தேடுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோள் தன் விண்மீனை எத்தனை பங்கு மறைக்கிறது என்பதை மட்டுமே காண முடியும். விண்மீனின் ஆரத்தை 10 விழுக்காடு குறைத்து எடுத்தால் கோளின் ஆரமும் அப்படியே குறையும், அடர்த்தி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிப்போகும். நீர் நிறைந்த கோளைப் பாறைக் கோள் என்று எழுதிவிடுவோம். அந்தத் தவறைத் தவிர்க்கத் தேவைப்படுவது இன்னும் பல இணைகளில், பல நிறங்களில், பல பருவங்களில் பொறுமையாக எடுத்த அளவுகள். ஒய்ஒய் ஜெமினோரத்தின் கிரகணங்கள் ஒன்பதே முக்கால் மணிக்கு ஒருமுறை வருவதால் எந்த ஓர் இடத்திலிருந்தும் எல்லாவற்றையும் பிடிக்க இயலாது. ஐரோப்பாவில் பகலாக இருக்கும் நேரத்தை ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகமும் அபுவும்தான் ஈடுகட்ட வேண்டும். அபுவில் இப்போது 2.5 மீட்டர் தொலைநோக்கியும் பராஸ்-2 கருவியும் வந்துவிட்டன. கோள் வேட்டைக்கு நடுவே அந்தக் கருவிக்குக் கிடைக்கும் இரவுகளில் ஒரு பங்கு, இந்தக் கிரகண இணைகளுக்கும் ஒதுக்கப்பட வேண்டும்.