இடுப்புச் சுற்றளவும் அல்சைமரும்

கொழுப்பும் ஒரு சுரப்பிதான்

உடம்பில் சேரும் கொழுப்பு, பஞ்சகாலத்துக்கான வெறும் சேமிப்பு என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1994இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் ஹார்மோனைக் கண்டறிந்தார்கள். அதைச் சுரப்பது கொழுப்புத் திசு. "சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது, பசியைக் குறை" என்று மூளைக்குச் செய்தி சொல்வது அதன் வேலை.

நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியிலும் லெப்டினுக்கான ஏற்பிகள் உண்டு. அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. எலிகளில் செய்த சோதனைகளில், நோயாளிகளின் மூளையில் படியும் அமைலாய்டு புரதத்தை லெப்டின் குறைத்திருக்கிறது.

ஃபிரேமிங்ஹாம் சொன்னது

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948 முதல் நடந்துவரும் இதயநோய் ஆய்வில், மறதிநோய் இல்லாத 785 முதியவர்களின் லெப்டின் அளவைப் பார்த்துவிட்டு, அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். முடிவு 2009இல் வெளியானது. லெப்டின் மிகக் குறைவாக இருந்த கால் பங்கினருக்கு 12 ஆண்டுகளில் அல்சைமர் வரும் வாய்ப்பு 25 சதவீதம். மிக அதிகமாக இருந்த கால் பங்கினருக்கு 6 சதவீதம்.

அப்படியானால் குண்டாக இருப்பது நல்லதா? இல்லவே இல்லை. பருமனானவர்களின் ரத்தத்தில் லெப்டின் நிறைய இருந்தாலும் மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. இன்சுலின் எதிர்ப்பு போலவே இது லெப்டின் எதிர்ப்பு. போதாததற்கு, வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் ரத்தத்தில் கலக்கிறது.

எந்த வயதில் என்பதே கேள்வி

இதில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது நடுத்தர வயதுத் தொப்பைதான். கலிஃபோர்னியாவில் 40 முதல் 45 வயதுக்குள் வயிற்றின் பருமனை அளந்து, சராசரியாக 36 ஆண்டுகள் கழித்து அதே மனிதர்களின் நிலையைப் பார்த்தார்கள். தொப்பை மிகப் பெரிதாக இருந்தவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு, மிகச் சிறிதாக இருந்தவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

முதுமையில் நிலைமை வேறு. மறதி வெளியே தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பலருக்கு எடை குறையத் தொடங்குகிறது. லெப்டின் குறைந்ததால் நோய் வந்ததா, நோயால் எடையும் லெப்டினும் குறைந்தனவா என்பதை ஃபிரேமிங்ஹாம் ஆய்வை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. லெப்டின் பரிசோதனை செய்து அல்சைமரைக் கணிக்கும் வழக்கமும் மருத்துவத்தில் இல்லை. அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.

வீட்டிலேயே அளந்து பாருங்கள்

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டபின், இறுக்காமல் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம். தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. எடை சரியாக இருந்தும் தொப்பை மட்டும் இருப்பவர்கள் நம்மிடையே நிறைய என்பதால், எடை மிஷினை மட்டும் நம்பாதீர்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள் தினமும் வேகமாக நடங்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குக் காரணமில்லாமல் வேட்டியும் ஜாக்கெட்டும் தொளதொளத்தால், "வயசானா இளைக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.