வில்லங்கம் பார்த்து வாங்குங்கள்

உத்தியோகத்தின் நிமித்தம் ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நம் போன்றோரின் இல்லங்களில், பிறர் உபயோகித்த பொருள் ஒன்றேனும் இல்லாதிருப்பது அரிது. மாற்றல் உத்தரவு பெற்றுச் செல்லும் குடும்பம் விற்றுவிட்டுப் போகும் கட்டிலும் பீரோவும், புதிதாக வந்திறங்கும் குடும்பத்துக்குப் பேருதவியாக அமைகின்றன. இதில் இழுக்கு ஒன்றும் இல்லை, சிக்கனம் போற்றத்தக்கதே. ஆயினும் கட்டிலுக்கும் கைப்பேசிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கட்டில், பணம் கைமாறியவுடன் முற்றிலும் நம்முடையதாகிவிடுகிறது. கைப்பேசியோ மடிக்கணினியோ செட்டாப் பெட்டியோ அவ்வாறன்று. நம் வீட்டுக்கு வந்த பின்பும் அது முந்திய சொந்தக்காரரின் கணக்கைப் பற்றிக்கொண்டே இருக்கக்கூடும். அவர் பாக்கி வைத்திருந்தால் அதன் பலனை நாம் அனுபவிக்க நேரிடுகிறது.

நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று பாராமல் நம்மவர் முன்பணம் கொடுப்பதில்லை. பழைய மோட்டார் வண்டி வாங்கினால், அதன் ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். கைப்பேசியின் மீதுள்ள கடனைக் காட்டும் அத்தகைய பதிவேடு எதுவும் வாங்குவோர் கைக்கு எட்டுவதில்லை. ஆதலால் வில்லங்கம் பார்க்கும் பொறுப்பு முழுவதும் வாங்குபவரையே சார்கிறது.

வில்லங்கம் மூன்று வகைப்படும். முதலாவது, கணக்குப் பூட்டு. திருடர்களுக்குப் பயன்படாதிருக்கும்பொருட்டு ஆப்பிள் நிறுவனம் 2013ஆம் ஆண்டிலும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்காகக் கூகுள் நிறுவனம் 2015ஆம் ஆண்டிலும் இதனைக் கொணர்ந்தன. உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு மீண்டும் இயக்கினாலும், முந்தியவரின் கணக்கையும் கடவுச்சொல்லையும் கருவி கேட்கும். சொல்லத் தெரியாவிட்டால் அது வெறும் கண்ணாடிப் பலகைதான். நல்ல நோக்கத்துடன் பிறந்த இப்பூட்டு, விற்பவரின் மறதியால் நேர்மையாக வாங்கியவரையும் வாட்டுகிறது.

இரண்டாவது, தவணைப் பூட்டு. மாதத் தவணையில் விற்கப்படும் கைப்பேசிகள் பலவற்றில், தவணை தவறினால் கருவியை முடக்கும் ஏற்பாடு பொருத்தப்படுகிறது. இத்தகைய பூட்டுக்கள் கருவியின் அடையாள எண்ணோடு பிணைக்கப்படுவதால், எல்லாவற்றையும் அழித்தாலும் இணையத்துடன் இணைந்தவுடன் திரும்பி வந்துவிடக்கூடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாங்கும் நாளில் தவணை தவறியிராது; கருவி செவ்வனே இயங்கும். விற்றவர் அடுத்த மாதம் பணம் கட்டாதபோதுதான் பூட்டு விழும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் ரூ. 24,000 விலையுள்ள கைப்பேசியை மாதம் ரூ. 2,000 வீதம் 12 தவணைகளில் வாங்குகிறார். 5 தவணை கட்டியபின் அதை ரூ. 12,000க்கு விற்றுவிட்டு வேறூர் சென்றுவிடுகிறார். பாக்கி ரூ. 14,000. அதையும் நாமே கட்டினால் மொத்தம் ரூ. 26,000 ஆகிறது, புதிய கைப்பேசியின் விலையை விட ரூ. 2,000 அதிகம்! கட்டாவிட்டால் ரூ. 12,000 நஷ்டம். வங்கிச் செய்தியும், பிள்ளையின் கல்லூரி அறிவிப்பும், ஊரிலிருக்கும் பெற்றோரின் குரலும் இக்கருவி வழியாகவே வரும் இந்நாளில், பண நஷ்டத்தினும் அது முடங்கிக் கிடக்கும் நாட்களே பெருந்துன்பம்.

மூன்றாவது, காவல் துறையின் வில்லங்கம். களவு போன கைப்பேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை மத்திய அரசின் பதிவேட்டில் சேர்த்து, எந்தத் தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பிலும் அது இயங்காதபடி முடக்கும் வசதி, 2023 மே மாதத்தில் சஞ்சார் சாத்தி என்னும் ஏற்பாட்டின் மூலம் நாடு முழுவதற்கும் கிடைத்தது. களவுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றி அதனை வாங்குவது, பாரதிய நியாய சம்ஹிதையின் 317ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பில் இல்லை, பெட்டி இல்லை, விலையோ பாதிக்கும் கீழே என்றால், அந்தக் காரணம் கண்ணெதிரே நிற்கிறது என்றே கொள்ள வேண்டும்.

செட்டாப் பெட்டியின் கதையும் இதனையொட்டியதே. அது முந்திய சந்தாதாரரின் பெயரிலும் கைப்பேசி எண்ணிலும் பதிவாகியிருக்கும். சரிபார்ப்பு எண் அவருக்கே போகும். ஆதலின் அவர் ஊரை விட்டுப் புறப்படுமுன் நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாக்கியைத் தீர்த்து, பெயரையும் எண்ணையும் மாற்றிய பின்பே பணம் தருதல் நலம். அலுவலகங்கள் கழித்துவிடும் மடிக்கணினிகளிலும் நிறுவனத்தின் பிடி நீங்காதிருப்பதுண்டு. அழித்து இணையத்துடன் இணைத்ததும், இது இன்ன நிறுவனத்துக்குரியது என்ற வாசகம் தோன்றும்.

இனி, செய்ய வேண்டுவன யாவை?

முதலில், அசல் பில்லைக் கேளுங்கள். நட்சத்திரக் குறி, ஹாஷ் குறி, 06, மீண்டும் ஹாஷ் குறி ஆகியவற்றை அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தோன்றும். பில்லில் உள்ளதுடன் அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பின்னர் கே, ஒய், எம் என்னும் ஆங்கில எழுத்துக்களையும், ஓர் இடம் விட்டு அவ்வெண்ணையும் 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். முடக்கப்பட்டது என்றோ போலி என்றோ ஏற்கெனவே உபயோகத்தில் உள்ளது என்றோ விடை வந்தால் வாங்காதீர்கள். நல்ல விடை வந்தாலும் அது கடன் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆகவே, தவணையில் வாங்கியதா என்று நேராகவே கேளுங்கள். ஆமெனில், பாக்கி இல்லை என்று கடன் கொடுத்த நிறுவனம் வழங்கிய கடிதத்தைப் பாருங்கள். பாக்கி இருந்தும் வாங்க விரும்பினால், விற்பவரையும் உடன் அழைத்துச் சென்று, அவர் கணக்கில் நிறுவனத்திடமே கட்டி ரசீது பெறுங்கள். அவரை நம்பி அவர் கையில் கொடுத்தல் தகாது.

அடுத்து, விற்பவர் உங்கள் முன்னிலையிலேயே தம் கணக்கிலிருந்து வெளியேறிக் கருவியை அழித்துத் தரட்டும். இணையத்துடன் இணைத்து, உங்கள் கணக்கைப் புகுத்திப் பார்த்த பின்பே பணம் கொடுங்கள். வங்கி மூலம் கொடுப்பது சிறப்பு. பெயர், விலாசம், ஐ.எம்.இ.ஐ. எண், கடன் ஏதும் இல்லை என்ற உறுதி ஆகியவற்றுடன் கையொப்பமிட்ட சீட்டு ஒன்றும் பெற்றுக்கொள்ளுங்கள்.

அச்சீட்டு வீண் சம்பிரதாயம் அன்று. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, விற்கும் உரிமை விற்பவருக்கு உண்டு என்பதையும், வாங்குபவருக்குத் தெரிவிக்கப்படாத பிறர் பாத்தியதை எதுவும் பொருளின் மீது இல்லை என்பதையும், வேறு விதமான கருத்து ஒப்பந்தத்தில் தென்பட்டாலொழிய, விற்பவர் அளித்த உறுதியாகவே கொள்கிறது. விற்றவர் கடைக்காரராயின் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

தில்லி கப்பார் மார்க்கெட்டிலும் மும்பை லாமிங்டன் ரோட்டிலும் கொல்கத்தா சாந்தினியிலும் பழைய கருவிகளின் வாணிகம் பெரிது. நாணயமான கடைகளும் அங்கு உண்டு. ஆனால் எந்த ஊரிலாயினும், பூட்டை உடைத்துத் தருகிறோம் என்பாரிடம் போகாதீர்கள். அடையாள எண்ணை மாற்றுவது, 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ. 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம்.

விற்போருக்கும் ஒரு வார்த்தை. மாற்றலாகிப் போகும் அவசரத்தில் மூட்டை கட்டும்போது, கணக்கை நீக்குவதையும் கடனைத் தீர்ப்பதையும் மறவாதீர்கள். போய்ச் சேர்ந்த பின்னர் பூட்டு விழுந்ததாகச் செய்தி வந்தால், ஆப்பிள் போன்ற கருவிகளின் கணக்குப் பூட்டை இருந்த இடத்திலிருந்தே இணையத்தின் மூலம் நீக்கலாம். சில நிமிட வேலைதான். அந்த அழைப்பை எடுக்காமல் விடுவது ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சேமிப்பைப் பறிப்பதற்கு ஒப்பாகும். அயலூரில் நமக்கு உறவினர் சிலரே. நம்பிக்கைதான் நம் சொத்து. சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் விற்பனைச் சீட்டு ஒட்டும் அன்பர்கள், விலையுடன் பில் உண்டு, பாக்கி இல்லை என்ற இரண்டு சொற்றொடர்களையும் சேர்த்து எழுதும் வழக்கத்தை மேற்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.