நூலிழையில் பிறக்கும் காந்தாரம்

நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களின் சுரம் மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. வீட்டுத் தம்புராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐப்பசி மழை பிடித்ததும் மரம் ஈரம் குடிக்கும், கம்பியை முறுக்கும் பிருடை இறுகும், சுருதி நகர்ந்துவிடும். இதைச் சரிசெய்ய ஆள் தேடிப் போக வேண்டுமா என்று பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டியதில்லை. ஒரு சுருதிப் பெட்டி, கொஞ்சம் சாக்கட்டிப் பொடி, ஒரு சாண் பருத்தி நூல் போதும்.

முதலில் குதிரைமேல் உள்ள ஜீவா நூலை எடுத்துவிட வேண்டும். மணிகள் மேலும் கீழும் நகர இடம் விட்டு, சாரணைக் கம்பியைப் பிருடையால் ஷட்ஜத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து, அதே ஷட்ஜத்துக்கு அனுசாரணை. இரண்டையும் சேர்த்து மீட்டினால் ஒலி அலையலையாக ஏறி இறங்கும். அந்த அலை மெல்ல ஓய்ந்தால் இரண்டும் சேர்ந்துவிட்டன. பிறகு மந்தரம், கடைசியில் பஞ்சமம். பிருடை வழுக்கினால் சாக்கட்டிப் பொடி தடவலாம். மயிரிழை பிசகை மணி பார்த்துக்கொள்ளும்.

இனி ஜீவா. கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே நூலைச் செருகி, பழைய வால்வு ரேடியோவில் இலங்கை வானொலியைப் பிடித்ததுபோல, முன்னும் பின்னும் துளித்துளியாக நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் கம்பி திடீரென்று ரீங்கரிக்கும். அப்போது மந்தரக் கம்பியிலிருந்து, யாரும் சேர்க்காத ஒரு காந்தாரம் எழும்.

ஒரு கட்டை சுருதியில் மந்தரக் கம்பி விநாடிக்கு 65.4 முறை அதிர்கிறது. அதன் ஐந்து மடங்கான 327 அதிர்வுதான் அந்தக் காந்தாரம். ஒரு கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாது நிற்கும் மேற்சுரங்கள் எழக் கூடாது என்பது இயற்பியலாளர் தாமஸ் யங் சொன்ன விதி. தம்புராவும் வீணையும் இதற்கு அடங்கவில்லை என்று 1921இல் எழுதினார் சி.வி. ராமன். வளைந்த, அகலமான குதிரையைக் கம்பி தொட்டுத் தொட்டு விலகுவதால், எழக் கூடாத சுரங்களும் எழுகின்றன. அந்தத் தொடுகையை நெறிப்படுத்துவதுதான் நூலின் வேலை.

இதில் நெல்லைக்கே உரிய வேடிக்கை ஒன்று உண்டு. நெல்லையப்பர் கோயில் காந்திமதி அம்மன்மீது முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய ‘ஸ்ரீ காந்திமதிம்’ ஹேமவதி ராகம். அதில் வருவது சாதாரண காந்தாரம். தம்புரா சொல்வதோ அந்தர காந்தாரம். பாடுகிறவர் ஒன்றைக் காதில் வாங்கிக்கொண்டே, அதற்கு ஒரு படி கீழே தன் காந்தாரத்தை நிறுத்தியாக வேண்டும்.

கைப்பேசிச் செயலி இந்தப் பயிற்சியைத் தராது. 65 அதிர்வை அதன் குட்டி ஒலிபெருக்கியால் உருப்படியாக எழுப்பவே முடியாது. ஆனாலும் பாட்டி வாசித்த தம்புரா வரவேற்பறையில் உறை போட்டு நிற்க, பேத்தி செயலியை வைத்துச் சாதகம் செய்கிறாள். உறையைக் கழற்றும் வீட்டார் கம்பிகளைத் தடவிப் பார்க்கட்டும். துரு தட்டுப்பட்டால் நான்கையும் மாற்றிவிட்டே தொடங்க வேண்டும்; துருவேறிய கம்பியில் எவ்வளவு நகர்த்தினாலும் ஜீவா பிடிக்காது.