மைசூருவின் பழைய ஜாவா

மைசூருவின் ஐடியல் ஜாவா ஆலை 1961 முதல் 1996 வரை மோட்டார் சைக்கிள்களை உருவாக்கியது. ஜாவா, எஸ்டி என்னும் அவ்வண்டிகளை ஆர்வலர் இன்றும் தேடி வாங்கிச் செப்பனிடுகின்றனர். உதைத்துக் கிளப்பும் நெம்புகோலே கியர் மாற்றவும் பயன்படும் விந்தையை வேறெங்குக் காண்பது!

வாங்குவோர் முதலில் காண வேண்டுவது பளபளப்பன்று. எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாத வண்டியை எவ்வளவு மெருகேற்றினாலும் பெயர் மாற்றுதல் அரிது. செலவிட்ட பணம் வீணாகும்.

இது பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றும் இருவீச்சு எஞ்சின். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் உருளையில் இறுகிவிடும். ஆதலின், நெடுநாள் கிடந்த வண்டியாயின் உருளையைத் திறந்து பார்த்த பின்னரே விலை பேசுதல் நன்று. பழைய டிரம் பிரேக் மெதுவாகவே பிடிக்கும். அதனைச் சீர்செய்யும் முன்னரே வண்ணம் பூச விரைவோரும் உளர்.